ஒரு கட்டளை, பல பாடல்

திருவண்ணாமலையைச் சுற்றி ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே மணிவாசகருக்கு ஒரு கோயில் உண்டு. திருவெம்பாவையை அவர் அண்ணாமலையில் அருளினார் என்பது மரபு. அதன் பாடல்கள் 20. ஒவ்வொன்றும் 'எம்பாவாய்' என்றே முடியும். நடை ஒன்று, பொருளோ தோழியை எழுப்புதல், நீராடுதல், மழையை வேண்டுதல் எனப் பலவாய் விரியும். தேவாரத்தில் இத்தகைய பாட்டளவைக் 'கட்டளை' என்பர்.

நான் இளம் ஆசிரியனாய் இருந்தபோது, ஒரு மார்கழி விடியலில் மாணவர்களை அக்கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். ஒரு சிறுவன் தாளம் பிசகாமல், ஈற்றடியை மட்டும் புதியதொரு வளைவோடு பாடினான். "சொல்லிக்கொடுத்தபடி பாடு" என்று கடிந்தேன். மறுநாள் முதல் அவன் பாட வரவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின், ஐரோப்பிய இசை ஒன்றைக் கேட்க நேர்ந்தது. 'ரொமானெஸ்கா' என்பது 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வழங்கிய ஓர் இசை வாய்பாடு. நம் சுரங்களாற் கூறின், அடிக்குரல் க, நி, ச, ப என நடந்து, மீண்டும் க, நி, ச, ப, ச என வந்து நிற்கும். அவ்வளவே அடித்தளம். அதன்மீது ஸ்பெயின் நாட்டு நார்வாயெஸ், 'என் பசுக்களைக் காத்துக்கொள்' என்னும் பாட்டை வைத்து, கிதாரை ஒத்த நரம்புக்கருவிக்கு நான்கு வேறுபாடுகள் அமைத்து 1538இல் அச்சிட்டார். இத்தாலியின் பிரெஸ்கோபால்டி 1615இல் விசைப்பலகைக் கருவிக்கு அதே அடிக்குரலை வளர்த்தெடுத்தார். அடிக்குரல் மாறாமல் நின்றமையாலன்றோ, மேற்குரல் துணிந்து உலவிற்று? கேட்போரும் மாற்றத்தை மாற்றமென உணர்ந்து மகிழ்ந்தனர்.

அப்போதுதான் என் பிழை எனக்கு விளங்கிற்று. அச்சிறுவன் கட்டளையை மீறவில்லை. அதை நன்கறிந்தமையாலேயே அதனுள் புதுவழி கண்டான். நான் காத்தது கட்டளையை அன்று, என் பழக்கத்தையே. அவனிடம் அதைச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. ஆதலின் உங்களிடம் சொல்கிறேன்.

மாணவர்களே, முதலில் அளவை ஐயமறக் கற்றுக்கொள்ளுங்கள். செய்யுளாயினும் கணக்காயினும் இசையாயினும் அடித்தளம் உறுதியாகட்டும். பின்னர், உங்கள் குரல் புதிதாய் வளைய விரும்பினால், அஞ்சாமல் வளையவிடுங்கள். ஆசிரியர் கடிந்தாலும் பாடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.