கொல்கத்தாவில் மூன்று அறைகள்



சென்னையிலிருந்து ஹவுராவுக்கு ரயிலில் சுமார் 1,660 கிலோமீட்டர். ஒரு முழு நாளுக்கு மேலாகும். இறங்கிய பிறகு அறை தேடி அலையத் தெம்பு இருக்காது. முன்பே பேசிவிட வேண்டும்.

ஒரு குடும்பம் கொல்கத்தா போகக் கிளம்பியது. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, 15 வயது மகள், 4 வயது மகன். எட்டுப் பேர்.

"மூன்று அறை போதும். பிள்ளைகள் எங்களோடு கீழே படுக்கட்டும்" என்றார் அப்பா.

மகள் முகம் வாடியது. பாட்டி கவனித்தார்.

"கதவைச் சாத்தித் துணி மாற்றுகிற வயசுப்பா. அவளை ஒரு வார்த்தை கேட்டாயா?"

மகளே தாளும் பேனாவும் எடுத்தாள். ஓர் அறையில் பாட்டி, அம்மா, அவள். அடுத்ததில் தாத்தா, அப்பா, தம்பி. மூன்றாவது சித்தப்பா, சித்திக்கு. அறை மூன்றுதான். கூடுதல் கட்டில் ஒன்று.

விடுதிக்குப் போன் செய்தார்கள். 15 வயதுக்குப் பெரியவர் கணக்காம். பல விடுதிகளில் 12 வயது தாண்டினாலே அப்படித்தான். கட்டிலுக்குத் தனிப் பணம். தம்பிக்குக் கட்டணம் இல்லை. வரி எவ்வளவு? அறைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்குமா? லிப்ட் உண்டா? தாத்தாவுக்கு முழங்கால் வலி ஆயிற்றே! எல்லாம் கேட்டு எழுதினாள். அடையாள அட்டைகளையும் எடுத்து வைத்தாள். அவளுக்கு வாக்காளர் அட்டை ஏது? ஆதார்தான்.

விடுதி லேக் மார்க்கெட் பக்கம். தமிழர்கள் பல காலமாக வாழும் இடம். இட்லி கிடைக்கும். ஹவுராவிலிருந்து ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 2024 முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. எஸ்பிளனேடில் மாறி, காளிகாட்டில் இறங்கலாம். மூட்டை முடிச்சோடு அது சிரமம்.

தாளின் கடைசியில் மகள் எழுதினாள்: "டாக்சி, இரண்டு."