காவல் நிலையக் கழிவறை ஏன் வழுக்குகிறது?



காவல் துறையை நவீனப்படுத்துவது பற்றிப் பேசச் சொன்னீர்கள். கட்டடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் தெருப் பையன் ஒருவனைத் தேநீர்க் கடையில் வைத்து அடித்தார்கள். புகார் கொடுக்க அப்பாவோடு காவல் நிலையத்துக்குப் போனேன். பழைய ஓட்டுக் கட்டடம். உள்ளே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. நாங்கள் வாசலில் இருந்த வேப்ப மரத்தடியில் மாலை வரை நின்றோம். இப்போது அங்கே மாடிக் கட்டடமும் வரவேற்பு மேசையும் வந்துவிட்டன. போன வருடம் வேறொரு வேலையாகப் போனேன். எங்கள் ஆட்கள் இன்னமும் வேப்ப மரத்தடியில்தான் நின்றார்கள். மரத்தை வெட்டாமல் விட்ட பொறியாளருக்கு நன்றி!

1981இல் தொடங்கிய தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம் குடியிருப்புகளோடு காவல் நிலையங்களையும் கட்டுகிறது. காவலர்களுக்கு ஒழுகாத வீடு கிடைப்பதில் நமக்கு மகிழ்ச்சிதான். அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு சந்தேகம். கைதானவர்கள் கழிவறையில் வழுக்கி விழுந்து கை உடைந்ததாக அடிக்கடி செய்தி வருகிறதே, மாவுக்கட்டோடு படமும் வருகிறதே, அந்தத் தரையை ஏன் யாரும் மாற்றுவதில்லை? அதே கழிவறைக்குப் போகும் ஆய்வாளர் ஏன் விழுவதில்லை?

இதற்கு விடை சொல்லக்கூடிய கருவி கேமராதான். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: நுழைவாயில், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை, கழிவறைக்கு வெளிப்புறம், நிலையத்தின் பின்பக்கம் என எல்லா இடத்திலும் கேமரா வேண்டும். ஒலியும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். கேமரா வேலை செய்வதற்கு நிலையப் பொறுப்பு அதிகாரியே பொறுப்பு.

கேமரா வாங்கினால் மட்டும் போதாது என்பதை அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளம் காட்டிவிட்டது. ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்த வழக்கில் விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் கண்டது என்ன? கேமரா இருந்தது, சேமிக்க இடமும் இருந்தது. அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி வைத்திருந்தார்கள். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை அடித்த இடம் காவல் நிலையமே அல்ல, கோயில் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த மாட்டுத் தொழுவம். அதை நமக்குக் காட்டியது யாரோ ஒருவரின் கைப்பேசி.

ஆகவே கட்டடத்தோடு பயிற்சியையும் கேட்க வேண்டியிருக்கிறது. வண்டலூர் அருகே ஊனமாஞ்சேரியில் உயர் பயிற்சியகம் இருக்கிறது. மாவட்டங்களில் காவலர் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. துப்பாக்கி சுடத் தளம் கட்டுகிறார்கள், கட்டட்டும். அங்கே ஒரு மாதிரிக் காவல் நிலையமும் கட்டி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவைச் செய்து பழகச் சொல்ல வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, சொன்னவருக்கே படித்துக் காட்டி, அதன் பிறகு கையெழுத்து வாங்கி, நகலை உடனே கொடுப்பது அதிகாரியின் கடமை. பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அதிகாரி வேண்டுமென்றே அதைச் செய்யத் தவறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. தேர்வுத்தாளில் இதை எழுதத் தெரிந்தவர் நிறையப் பேர் இருக்கலாம். எதிரே நிற்கும் மனிதரை "உட்காருங்க" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்குவதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது. அணிவகுப்பை எத்தனை முறை செய்ய வைக்கிறார்களோ அத்தனை முறை இதையும் செய்ய வைக்கட்டும்.

நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். உங்கள் நிலையத்தில் எத்தனை கேமரா, எங்கெங்கே, ஒலி பதிவாகிறதா, எத்தனை நாள் பதிவு இருக்கிறது, கடைசியாக எப்போது பழுதானது என்று கேளுங்கள். மனுப் படிவம் வாசலில் தோழர்களிடம் இருக்கிறது, போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.