பொதுத்துறைப் பணியும் மலிவான உழைப்பும் ஒன்றல்ல

(தகவல் தொழில்நுட்பத் துறையில் பணியாற்றும் கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



தகவல் தொழில்நுட்ப ஊழியர்களிடையே அமைப்பு வேலை செய்கிறவர்களிடம் ஒரு கேள்வி எழுப்பப்படுகிறது. எந்த நிறுவனத்திலும் நிரந்தர ஊழியராக இல்லாமல், வேலைக்கு வேலை ஒப்பந்தம் செய்துகொண்டு உழைக்கிற மென்பொருள் வல்லுநர்கள் பலர் இருக்கிறார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் அவர்களுக்குக் கிடைக்கும் தொகை அதிகம். அரசுத் துறையில் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. பொதுத்துறையைப் பாதுகாப்போம் என்று மேடைதோறும் முழங்குகிற இயக்கத்தைச் சேர்ந்தவர்கள், அந்தக் குறைந்த ஊதியத்தை ஏற்று அரசுப் பணிக்குச் செல்ல வேண்டாமா என்பதே அக்கேள்வி.

இதற்கு இரண்டு எளிய பதில்கள் உண்டு. நாட்டுக்காகத் தியாகம் செய்ய வேண்டும் என்பது ஒன்று. உழைப்புச் சக்தியை விற்று வாழ்கிறவர் அதற்குக் கிடைக்கும் உயர்ந்த விலையைப் பெறுவதே முறை என்பது மற்றொன்று. முதலாவது, ஒரு கொள்கைப் பிரச்சனையைத் தனிமனித ஒழுக்கப் பிரச்சனையாகச் சுருக்கிவிடுகிறது. இரண்டாவது, உழைப்பாளியையும் சந்தையின் கணக்கிலேயே நிறுத்திவிடுகிறது. இரண்டுமே போதுமானவை அல்ல.

பொதுத்துறை உருவாக்கிய அறிவு

1978இல் ஐபிஎம் நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி தனது பங்குரிமையைக் குறைத்துக்கொள்ள அது சம்மதிக்கவில்லை. அது விட்டுச்சென்ற கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பைச் சிஎம்சி என்ற பொதுத்துறை நிறுவனம் ஏற்றது. அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள்தாம் 1985-86இல் தில்லியில் ரயில்வேயின் கணினிவழி முன்பதிவு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1986இல் ரயில்வே தனக்கென கிரிஸ் என்ற தகவல் அமைப்பு மையத்தை நிறுவியது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து முன்பதிவு மையங்களும் 1999இல் ஒரே வலைப்பின்னலாக இணைக்கப்பட்டன. எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் பயணச்சீட்டு எடுக்க முடிந்ததற்குப் பின்னால் இருந்தது பொதுத்துறை ஊழியர்களின் உழைப்பே.

பின்னர் நடந்தது என்ன? 2001இல் வாஜ்பாய் அரசு சிஎம்சியின் 51 சதவீதப் பங்குகளை டாடா குழுமத்துக்கு விற்றது. விற்கப்பட்டது ஒரு கட்டடமோ இயந்திரமோ அல்ல; கால் நூற்றாண்டுக் காலம் பொதுப்பணத்தில் திரண்ட தொழில் அறிவு. சரக்கு மற்றும் சேவை வரிக்கான வலையமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டபோது, அதன் 51 சதவீதப் பங்குகள் அரசு சாராத நிதி நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. நாட்டின் வரித் தகவல்களைக் கையாளும் நிறுவனத்தில் அரசுகளுக்குப் பெரும்பான்மை இருக்கவில்லை! கடும் எதிர்ப்புக்குப் பின் 2018இல்தான் அதை முழுமையாக அரசுடைமை ஆக்க முடிவு செய்யப்பட்டது. 2021 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட வருமான வரி இணையதளம் மாதக்கணக்கில் தடுமாறியபோது, அதை உருவாக்கிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியை அழைத்து விளக்கம் கேட்டது ஒன்றிய நிதியமைச்சகம். தன் வேலையைத் தானே செய்யும் ஆற்றலை இழந்த அரசு, ஒப்பந்தக்காரரிடம் விளக்கம்தான் கேட்க முடியும்.

எனவே, திறமையானவர்கள் பொதுத்துறைக்கு வர வேண்டும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அவர்கள் விலகி நின்றால் பொதுத்துறை மேலும் நலியும். அந்த நலிவையே காரணம் காட்டித் தனியார்மயம் நடக்கும்.

குறைக்கப்பட்ட ஊதியம் யாரிடம் சேருகிறது?

ஆனால் இன்று அரசுத் துறைகள் மென்பொருள் வல்லுநருக்குத் திறந்துவைத்திருக்கும் கதவு எது? தேசியத் தகவலியல் மையம் 1976இல் தொடங்கப்பட்டது. அதன் கீழ் 1995இல் நிக்சி என்ற நிறுவனம் உருவாக்கப்பட்டது. ஆள்வழங்கும் தனியார் முகமைகளைப் பட்டியலிட்டு, அவற்றின் வழியாகக் கணினிப் பணியாளர்களை அரசுத் துறைகளுக்கு அனுப்புவது நிக்சியின் பணிகளில் ஒன்று. 2016இல் தொடங்கப்பட்ட அரசு மின்சந்தையில், மேசை நாற்காலி வாங்குவதைப் போலவே ஆட்களும் ஏலத்தில் எடுக்கப்படுகிறார்கள்.

இப்படி வருகிற ஊழியர் அரசு அலுவலகத்தில் அமர்ந்து, அரசு அதிகாரியின் ஆணைப்படி, அரசின் வேலையைச் செய்கிறார். ஆனால் சட்டப்படி அவர் அரசு ஊழியர் அல்ல, முகமையின் ஆள். ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் முடியும். அவர் குறைந்த ஊதியத்துக்குச் சம்மதிக்கும்போது மிச்சமாகும் பணம் முழுவதும் மக்களுக்குச் செல்வதில்லை. இடையில் முகமையின் கட்டணம் இருக்கிறது. அருகிலுள்ள நிரந்தரப் பணியிடத்தை நிரப்பாமலே வைத்திருக்கும் வசதியும் நிர்வாகத்துக்குக் கிடைக்கிறது. இதைத் தியாகம் என்று அழைப்பது பிழை.

கணக்கைச் சரியாகப் போட வேண்டும்

சுயேச்சையாகப் பணியாற்றுகிறவரின் வருமானம் பற்றிய மயக்கமும் களையப்பட வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒருவர் மாதம் 1,50,000 ரூபாய் பெறுகிறார், ஆண்டில் எட்டு மாதங்களே வேலை கிடைக்கிறது என்று கொள்ளலாம். ஆண்டு வருமானம் 12,00,000. கணினி, இணையம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு 1,20,000 கழித்தால் மாதத்துக்கு 90,000 மிஞ்சும். நேரடி நியமனத்தில் 75,000 ரூபாய் ஊதியம் பெறுகிறவருக்கு நிர்வாகம் 12 சதவீத வருங்கால வைப்புநிதி செலுத்தினால் மொத்தம் 84,000. ஊதியத்துடன் கூடிய விடுப்பும், பணிக்கொடையும், பெண் ஊழியருக்கு 26 வார மகப்பேறு விடுப்பும் இதற்கு மேல். பாதி என்று தோன்றியது பாதி அல்ல என்பது தெளிவு.

அதே 75,000 ரூபாய் வேலையை முகமை வழியாக 45,000 ரூபாய்க்குச் செய்கிறவரின் நிலை என்ன? சந்தையின் நிச்சயமின்மையும் அரசின் குறைந்த ஊதியமும் சேர்ந்து அவர் தலையில் விழுகின்றன. அதோடு, அதே அலுவலகத்தில் உரிய ஊதியம் கேட்டுப் போராடும் சக ஊழியருக்கு எதிராக, இவர் ஒப்புக்கொண்ட 45,000 ரூபாய் சான்றாகக் காட்டப்படும். தனிப்பட்ட நல்லெண்ணம், வர்க்கத்தின் பேர ஆற்றலைக் குறைத்துவிடுகிறது.

சட்டமும் போராட்டமும்

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழான மத்திய விதிகள், நேரடித் தொழிலாளி செய்யும் அதே வேலையைச் செய்கிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதே ஊதியம் வழங்கப்பட வேண்டும் என்றன. நடைமுறையில் அது ஏட்டளவில் நின்றது. 2006இல் உமாதேவி வழக்கில் உச்சநீதிமன்றம், தற்காலிக ஊழியர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது. 2016இல் பஞ்சாப் மாநில ஊழியர் வழக்கில், சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியர்களுக்கும் பொருந்தும் என்றது. உமாதேவி தீர்ப்பை நீண்டகால ஊழியர்களுக்கு எதிரான ஆயுதமாகப் பயன்படுத்தக் கூடாது என 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் கூறியது. இந்த வாசல்கள் நீதிமன்றத்தின் கருணையால் திறந்தவை அல்ல. ஊழியர்கள் விடாமல் தட்டியதால் திறந்தவை.

மறுபுறம், 2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைப்படுத்தியது. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு பொருந்துவதற்கான எண்ணிக்கை 20லிருந்து 50ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. சிறு சிறு குழுக்களாக அரசு அலுவலகங்களில் சிதறிக் கிடக்கும் கணினிப் பணியாளர்களை இது நேரடியாகப் பாதிக்கும்.

இயக்கத்தின் நிலைபாடு

இவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. நேரடி நியமனமாகவோ, நேரடி ஊழியருக்கு இணையான ஊதியத்துடன் கூடிய பணியாகவோ இருந்தால், வெளிச்சந்தையைவிடச் சற்றுக் குறைந்த வருமானம் என்பதற்காக அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பொது நிறுவனத்துக்குள் அறிவும் சங்கமும் ஒருங்கே வளர அது வழி. ஆனால் நிரந்தர ஊழியரின் ஊதியத்தைக் கீழே இழுக்கும் விலைக்குப் போட்டியிட்டு முகமை வழியாகச் செல்வதைக் கொள்கையின் பெயரால் யாருக்கும் பரிந்துரைக்கக் கூடாது.

அதே வேளையில், வீட்டுக்கடனும் வேலையின்மையும் நெருக்க, முகமை வழியாகவே சென்று பணியாற்றுகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர் உண்டு. அவர்களைக் குறை கூறுவது கட்சியின் வேலை அல்ல. அவர்களைச் சங்கத்தில் சேர்ப்பதே வேலை. நிரந்தர ஊழியர் சங்கங்கள் தமது கதவுகளை அவர்களுக்குத் திறக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருப்பவரை ஒப்பந்த ஆள் என்று ஒதுக்கிவைக்கும் சங்கம், தன் நாற்காலியையும் வெகுநாள் காப்பாற்ற முடியாது.

சந்தையிலேயே தொடர்கிறவர்களுக்கும் பங்கு உண்டு. கேரளத்தில் 2001இல் தொடங்கப்பட்ட பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் கட்டற்ற மென்பொருளை வகுப்பறைக்குக் கொண்டுசென்றது. ஆசிரியர்களே பயிற்சியாளர்களாயினர், ஆர்வலர் குழுக்கள் துணைநின்றன. உரிமக் கட்டணத்துக்காகப் பன்னாட்டு நிறுவனத்திடம் கையேந்தும் நிலை தவிர்க்கப்பட்டது. ஓய்வு நேரத்தில் பொதுவுடைமையாகும் நிரல் எழுதுவது எவருடைய ஊதியத்தையும் பறிப்பதில்லை. ஊதியம் தர வேண்டிய பணியிடத்தை இலவசமாக நிரப்புவது பறிக்கும். இந்த வேறுபாடு மனதில் இருக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, குறைந்த ஊதியத்துக்குப் போகலாமா என்று கேட்கும் இளைஞரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: நியமிப்பது யார்? பக்கத்தில் அதே வேலையைச் செய்கிறவர் பெறுவது எவ்வளவு? அங்கே சங்கம் இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு இல்லை என்ற பதில் வந்தால், அந்த அலுவலகத்தில் தொடங்க வேண்டிய முதல் வேலை எது என்பது தெரிந்துவிட்டது.