சீனி வருத்தமும் உடம்பு மெலிவும்

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன வருசம் என் பெரியம்மா மெலிந்துகொண்டே போனார். "சீனிக்காரவங்க மெலிஞ்சா நல்லதுதானே" என்றார்கள் லயத்தில். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நானும் அப்படித்தான் நினைத்தேன். சோதித்தால் இரத்தத்தில் சீனி எக்கச்சக்கம். சீனி உடம்புக்கு உதவாமல் சிறுநீரில் போய், சதை கரைந்த மெலிவு அது. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத மெலிவு இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டொக்டர் குறைக்கச் சொல்வது வயிற்றுக் கொழுப்பை. அட்டை கடித்த இடம் சிவந்து வீங்குகிறதல்லவா, அதுதான் அழற்சி. சில நாளில் அடங்கிவிடும். வயிற்றுக்குள் கொழுப்பு கூடினால் அழற்சி வெளியே தெரியாமல் வருசக்கணக்கில் நீடிக்கும். இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. இரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுத்து, கொழுப்புப் படிய வழிவிடும். சீனிக்காரருக்கு மாரடைப்பு அதிகம் வர இதுவும் ஒரு காரணம். கை கால் மெலிந்தவர்களுக்கும் வயிறு போடுவதுண்டு. இடுப்புச் சுற்று பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனம்.

அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய 'லுக் அஹெட்' ஆய்வில், பருமனான நீரிழிவுக்காரர் 5,145 பேர் சேர்ந்தார்கள். சாப்பாட்டைக் குறைத்து, உடற்பயிற்சி செய்த குழு முதல் வருசத்தில் சராசரியாக 8.6 வீத எடை குறைந்தது. அழற்சியைக் காட்டும் இரத்த அளவு அவர்களிடம் 43.6 வீதம் இறங்கியது. மற்றக் குழுவில் 16.7 வீதம்தான். ஆனால் முழுதையும் சொல்ல வேண்டும். பத்து வருசம் கிட்டப் பார்த்தும் மாரடைப்பும் பக்கவாதமும் இரு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் வருசத்தில் பத்திலொரு பங்கு எடையாவது குறைத்தவர்களிடம் மட்டும் அந்த ஆபத்து ஐந்திலொரு பங்கு குறைவாகத் தெரிந்தது. ஆகவே மெலிந்துவிட்டோம் என்று பிரஷர் குளிசையை, கொலஸ்ட்ரோல் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பாட்டைக் குறைக்குமுன் கிளினிக்கிலும் கேளுங்கள். சில சீனிக் குளிசைகளின் அளவை மாற்றாவிட்டால் மலையில் மயங்கி விழ நேரிடும்.

"நாள் முழுக்க மலை ஏறுறோமே, இன்னும் என்ன நடை?" என்பீர்கள். நியாயம். நமக்குக் குறைய வேண்டியது கோதுமை மா ரொட்டியும் தேத்தண்ணிச் சீனியும். இரண்டு ரொட்டியை ஒன்றாக்கி, பருப்பும் கீரையும் கூட்டுங்கள். பருப்பு விலை தெரியாமல் பேசவில்லை. சம்பளம் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேசுகிறோம்.

கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும் என்று பலர் போவதேயில்லை. கிளினிக் நாளுக்குப் பேர் போடும்படி நிர்வாகத்திடம் கேட்கப்போகிறோம். கொப்பியில் திகதி உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் தலைவரிடம் பெயர் கொடுங்கள்.