சிறு வளையங்களுக்குப் பெயரிடுதல்

கொங்கு நாட்டில் பருத்திக்கொட்டையை அறியாதார் இலர். மாட்டுக்கு ஆட்டி வைப்பதும் அதுவே. ஆலையில் எண்ணெயாவதும் அதுவே. அவ்வெண்ணெயில் மிகச் சிறிய வளையம் ஒன்று ஒளிந்திருக்கிறது. மூன்றே கரி அணுக்கள் முக்கோணமாய்க் கைகோத்து, அவற்றுள் இரண்டு இரட்டைப் பிணைப்பால் இணைந்த வளையம் அது. அதனைத் தாங்கிய கொழுப்பு அமிலங்களுள் ஒன்று மால்வாலிக் அமிலம். பருத்தி எண்ணெயைக் கந்தகத்தோடும் கரி டைசல்பைடோடும் சேர்த்துச் சூடாக்கினால், இவ்வளையத்தின் காரணமாகச் செந்நிறம் தோன்றும். பிற எண்ணெய்களில் பருத்தி எண்ணெய் கலந்திருப்பதைக் கண்டறிய உதவிய ஹால்ஃபென் சோதனை இதுவேயாகும்.

இவ்வளவு சிறிய வளையத்திற்கு இத்துணை வேகம் ஏன்? 1885இல் அடால்ஃப் வான் பேயர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதற்கு விடை கூறினார். கரி அணுவின் ஒற்றைப் பிணைப்புகள் இயல்பாக ஏறத்தாழ 109½ பாகைக் கோணத்தில் விரிந்து நிற்பவை. முக்கோண வளையத்தில் அவை 60 பாகைக்குள் ஒடுங்க நேர்கிறது. வளைத்துக் கட்டிய மூங்கில், கட்டு அவிழ்ந்தால் துள்ளுமன்றோ? பெரிய வளையங்களும் தட்டையானவை என அவர் எண்ணியது பின்னர்ப் பொய்த்தது. சிறு வளையங்களைப் பற்றிக் கூறியது நிலைத்தது. பெனிசிலினில் உள்ள நான்கு அணு வளையமும் இவ்வாறு இறுகிய ஒன்றே.

இனி, பெயருக்கு வருவோம். தமிழில் அறிவியற் சொல் படைக்க 1916இலேயே சேலத்தில் இராஜாஜி முதலியோர் சங்கம் கண்டனர். பின்னர் ஜி. ஆர். தாமோதரன் தோற்றுவித்த 'கலைக்கதிர்' கோவையிலிருந்து அப்பணியை வளர்த்தது. வளையம், பிணைப்பு, இறுக்கம் என்னும் சொற்களைத் தமிழில் வழங்குவதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் சேர்மத்தின் பெயரையும் பெயர்த்துவிடலாமா? சைக்ளோபுரொப்பேன், சைக்ளோபுரொப்பீன் என்னும் இரண்டிற்கும் ஓர் உயிரொலியே வேறுபாடு. அவ்வொலியே இரட்டைப் பிணைப்பின் அடையாளம். இரண்டையும் 'முக்கரி வளையம்' என்றால் அந்த அடையாளம் அழிந்துபோகும்.

எனினும், பெயரை அப்படியே ஏற்பதிலும் நம் செவிக்கு ஓர் இடர் உண்டு. கரியல்லாத அணு புகுந்த வளையங்களுக்கு ஹான்ட்ஷ், விட்மன் ஆகியோர் 1887, 1888ஆம் ஆண்டுகளில் ஒரு முறை வகுத்தனர். ஆக்சிஜன் அமைந்த மூவணு வளையம் ஆக்சிரேன். அதிலுள்ள 'இர்' மூன்றைக் குறிப்பது. 'ட்ரை' என்பதன் தேய்வு. தமிழ் மாணவனோ 'ஈர்' என்று கேட்டு இரண்டு என்பான்! ஆக்செட்டேனில் வரும் 'எட்' எட்டன்று, நான்கு. 'டெட்ரா' என்பதன் சிதைவு. அசோனேனில் வரும் 'ஒன்' ஒன்றன்று, ஒன்பது. இங்கு மட்டும் நம் 'ஒன்பது' தற்செயலாகத் துணைக்கு வருகிறது.

ஆகவே, கலைச்சொல் அகராதி தொகுப்போரிடம் நான் வேண்டுவது பெரிதன்று. ஆக்சிரேன் என்று அச்சிடும் இடத்தில், ஆக்சிஜன், மூவணு வளையம், இரட்டைப் பிணைப்பு இல்லை என்று பிரித்துப் பொருளும் எழுதிவிடுங்கள். ஒரு வரிதான் கூடும்.