வயதான நாய்



நல்லேப்பிள்ளிப் பக்கம் மாடு வளர்க்கும் வீடுகள் பல. அங்கே நாயும் உண்டு. களத்தையும் தென்னந்தோப்பையும் இரவில் காப்பது அதுதான். மாடு ஒரு வேளை தீவனம் தின்னாவிட்டால் வீடே பதறும். பால் குறையுமே! கிழட்டு நாய் தின்னாவிட்டால், "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடுவார்கள்.

நாய்க்கு ஏழெட்டு வயதில் முதுமை தொடங்கும். முகத்தில் முடி நரைக்கும். அதிகம் தூங்கும். அதற்குப் பயம் வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் வயதின் மேல் போடக்கூடாது.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். தினமும் ஒரே சட்டியில் ஊற்றுங்கள். ஒரு சட்டி குடித்த நாய் இரண்டு சட்டி குடிக்கிறதா? அடிக்கடி மூத்திரம் போகிறதா? சிறுநீரகம் கெட்டிருக்கலாம். சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். ஆம், நாய்க்கும் சர்க்கரை வரும்!

பெட்டை நாய்க்கு இன்னொரு ஆபத்து உண்டு. பருவம் முடிந்த சில வாரங்களில் இப்படித் தண்ணீர் குடித்து, சோர்ந்து படுத்தால், கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். சீழ் வெளியே தெரியாமலும் இருக்கும். அன்றே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தாமதித்தால் உயிர் போகும்.

வாரம் ஒரு நாள் உடம்பைத் தடவிப் பாருங்கள். காம்புக்குப் பக்கத்தில் கட்டி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மனிதரின் காய்ச்சல் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அது நாய்க்கு விஷமாகலாம்.

எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் திணறினால், எலும்பு சிக்கியது என்று வாயில் கை விடாதீர்கள். வெறிநோயாக இருக்கலாம். கடித்தாலும், கீறலில் எச்சில் பட்டாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கிழட்டு நாய்க்கும் வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசி வேண்டும்.