உறவினர் பொறுப்பும் சட்டத்தின் பார்வையும்



தந்தையை இழந்த பேரனைப் பாட்டி வளர்ப்பதும், தங்கை மகனைப் படிப்பிற்காகத் தாய்மாமன் நகரத்திற்கு அழைத்து வருவதும் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் புதியன அல்ல. பிள்ளை ஒழுங்காக இருக்கும் வரை, சட்டப்படி அவனுக்கு யார் பொறுப்பு என்று எவரும் வினவுவதில்லை. பதினைந்து வயதில் அவன் பள்ளியை வெறுத்து, நள்ளிரவில் வீடு திரும்பி, போதைக்கு ஆளாகி நிற்கும்போதுதான் அவ்வினா எழுகிறது.

இதற்கு விடை கூறுவது 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம். பெயர் எவ்வாறிருப்பினும், சமணருக்கும் பொருந்தும் என்று அச்சட்டமே வெளிப்படையாகக் கூறுகிறது. 18 வயது நிரம்பாதவர் இளவர், அதாவது மைனர். அவருக்குத் தந்தையும், தந்தைக்குப் பின் தாயும் இயற்கைக் காப்பாளர். 'பின்' என்பது இறப்புக்குப் பின் என்று மட்டும் பொருள்படாது. தந்தை பொறுப்பேற்காதபோதும் தாயே காப்பாளர் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் விளக்கிற்று.

மாமனும் பாட்டியும் அவ்வரிசையில் இல்லை. பத்தாண்டுகள் சோறிட்டு வளர்த்திருப்பினும் அவர்கள் நடைமுறைக் காப்பாளரே. எனவே பையனின் மருத்துவச் செலவுக்கே ஆயினும், அவன் பெயரிலுள்ள நிலத்தை அவர்கள் விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாது. பெற்ற தாய்க்கும்கூட நிலத்தை விற்க நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். நல்லெண்ணத்தால் செய்த விற்பனைகள் பின்னாளில் வழக்காக முளைப்பது இதனால்தான். முறையான வழி, 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, பிள்ளை வாழும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்வது. விவரம் அறிந்த வயதினனாயின் அவன் விருப்பத்தையும் நீதிபதி கருதுவார். அங்ஙனம் நியமிக்கப்பெற்றவர் அவனது உணவு, உடல்நலம், கல்வி ஆகியவற்றுக்குக் கடமைப்பட்டவர்.

நியமனம் இல்லையேல் பொறுப்பும் இல்லை என்று எண்ணுதல் பிழை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை உண்மையில் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் யார் என்றே பார்க்கிறது. அவர் அவனை அடித்துத் துன்புறுத்தினாலோ, வேண்டுமென்றே கவனியாது விட்டாலோ, கைவிட்டாலோ 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். திருத்துவதாகக் கருதிப் பெல்ட்டால் விளாசுவதும், கோபத்தில் வெளியே தள்ளிக் கதவடைப்பதும் இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கன.

மோட்டார் சைக்கிள் சாவி இன்னொன்று. இளவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் காப்பாளரோ வண்டி உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் ஏற்க நேரும்.

போலீசார் பிடித்தால் அவனை லாக்கப்பில் வைத்தல் கூடாது; 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமம் அவனை நன்னடத்தையின் பேரில் உறவினரிடம் ஒப்படைக்குமாயின், 3 ஆண்டு வரை அவன் நடத்தைக்கு அவர் பிணைப்பத்திரம் எழுதித் தர நேரலாம். பாசத்தால் மட்டும் கையொப்பமிடுதல் தகாது.

பிள்ளையின் முரட்டுத்தனத்தின் அடியில் பாலியல் கொடுமை மறைந்திருப்பதும் உண்டு. அதை அறிந்தவர், குற்றவாளி சொந்தக்காரரே ஆயினும், போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். குடும்ப மானம் கருதி மறைப்பது போக்சோ சட்டப்படி தனிக்குற்றம்.

தாங்க இயலாத நிலை வந்தால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவை உறவினர் தாமே அணுகலாம். 1098 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.